அம்மா பொட்டு

தாரணிக்குத் தன் உடம்பில் எது தன்னுடையது என்று தெரியாமல் போய் மூன்று வருடம் ஆகிறது. நெஞ்சு படபடவென்று அடித்தால் அது அவள் நெஞ்சா, மகள் நெஞ்சா? மேலுதடு வேர்த்தால் வெயிலா, சர்க்கரையா? நின்று நிதானமாக யோசிக்க யாரும் அவளுக்கு அவகாசம் கொடுக்கவில்லை. நெஞ்சு அடித்தால் ஓட வேண்டும், அதுதான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம்.

ஓட்டம் என்றால் பெரிய ஓட்டமெல்லாம் கிடையாது. நாற்பது மீட்டருக்குள்தான். பொள்ளாச்சியில் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில், ஏழாம் வகுப்புக்குப் பின்னால், உடைந்த பெஞ்சுகளையும் பழைய கணினிப் பெட்டிகளையும் அடுக்கி வைக்கும் அறை ஒன்று உண்டு. அதில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. காலை ஒன்பதேகாலில் இருந்து சாயங்காலம் நாலரை வரை அந்த நாற்காலிதான் தாரணியின் ஊர், உலகம் எல்லாம். அறைக்கு ஒரு ஜன்னலும் இருந்தது. திறந்தால் மதில் சுவர் தெரியும், அதனால் அவள் திறப்பதில்லை.

இத்தனைக்கும் இவள் யார் தெரியுமா? பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு பஸ் ஓட்டியவள். ஓட்டுநரே இல்லாத பேட்டரி பஸ்கள் வந்து, கோயம்புத்தூர் முழுக்க ஸ்டீயரிங் தன்னால் சுற்றிக்கொண்டிருக்கும் காலம் இது. ஆனால் அந்த ஜம்பமெல்லாம் மலையில் பலிக்கவில்லை. அட்டகட்டிக்கு மேலே பனி இறங்கிவிட்டால் கேமராவுக்குக் கண் அவிந்துவிடும், வண்டி நடுரோட்டில் நின்றுகொண்டு மன்னிப்புக் கேட்கும். அதனால் மலைப்பாதைக்கு மட்டும் இன்னும் மனுஷர்தான். அந்தத் தடத்தில் மூன்று பெண்கள் இருந்தார்கள், அதில் தாரணி ஒருத்தி. நாற்பது கொண்டை ஊசி வளைவுகளை ஒரு கையால் வளைத்துக்கொண்டு போனவளுக்கு நாற்பது மீட்டர் அளந்து கொடுத்திருக்கிறார்கள். யார் போட்ட கணக்கோ.

மகள் பெயர் தன்ஷிகா. எண் கணிதக்காரர் வைத்துக் கொடுத்த பெயர், அர்த்தம் கேட்டால் அவரே முழிப்பார். வீட்டில் தன்ஷி. அவளுக்கு நாலு வயதில் சர்க்கரை வந்தது. “அத்தினியூண்டு புள்ளைக்கு ஏது சர்க்கரை, முட்டாயி நெறையக் குடுத்திருப்பா” என்று சொந்தபந்தம் மொத்தமும் தாரணியைத்தான் பார்த்தது. மிட்டாய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. குழந்தைகளுக்கு வருவது வேறு வகை. உடம்பே தன் கணையத்தை எதிரி என்று தப்பாக நினைத்து அடித்து நொறுக்கிவிடும். அதன் பிறகு இன்சுலின் வெளியிலிருந்துதான் போக வேண்டும். வயிற்றில் ஒட்டிய பம்பு, கையில் ஒட்டிய சென்சார் என்று தன்ஷி வளர்ந்தாள். இன்சுலின் கொஞ்சம் கூடப் போனால் சர்க்கரை இறங்கும், குறைந்தால் ஏறும். தாரணியும் சமாளித்துக்கொண்டு பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

நாலாம் வகுப்பில்தான் அது நடந்தது. தன்ஷி படம் வரைந்துகொண்டிருந்தாள். கை நடுங்கவில்லை, வேர்க்கவில்லை, பசிக்கிறது என்று சொல்லவில்லை. வானத்துக்கு நீலம் தீட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்து வலிப்பில் துடித்தாள். டீச்சர் கூப்பிட்டபோது தாரணி இருபத்தெட்டாவது வளைவில் இருந்தாள். இறங்கி வர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அந்த ஒன்றேகால் மணி நேரத்தை அவள் யாரிடமும் பேசியதில்லை.

கோயம்புத்தூரில் டாக்டர் பரக்கத் நிஷா பிள்ளைகளின் சர்க்கரைக்கென்றே இருப்பவர். பூசி மெழுகிப் பேசத் தெரியாது.

“சர்க்கரை ரொம்ப நாள் ஏறியே கெடந்தா நரம்பை அரிச்சிரும், அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். எறங்கறது வேற கதைம்மா. எறங்கினா உடம்பு மணி அடிக்கும். கை நடுங்கும், வேர்க்கும், நெஞ்சு அடிச்சுக்கும். உங்க பொண்ணுக்கு அடிக்கடி எறங்கி எறங்கி, அந்த மணி அடிக்கிற நரம்பு ஓஞ்சு போச்சு. வீட்டுக்குப் பக்கத்துல ரயில் போனா மொத வாரம் தூக்கம் வராது. அப்புறம் ரயில் போறதே நமக்குத் தெரியாது. அவ மூளை அப்படிப் பழகிருச்சு.”

“செத்தே போச்சுங்களா டாக்டர்?” என்றாள் தாரணி.

“சாகல. முணுமுணுத்துட்டுத்தான் இருக்கு. அவளுக்குக் கேக்கல. வேற ஒருத்தருக்குக் கேக்க வைக்கலாம்.”

அப்படி வந்ததுதான் பொட்டு. கம்பெனிக்காரன் வைத்த பெயர் வாயில் நுழையாது. கடுகளவு இரண்டு வில்லைகள். ஒன்று பிள்ளையின் கழுத்தெலும்புக்குக் கீழே, நரம்பின் மேல். இன்னொன்று அதே இடத்தில் தாய்க்கு. பிள்ளையின் நரம்பு முணுமுணுப்பதைத் தாயின் நரம்பு உரக்கச் சொல்லும். மகளுக்குச் சர்க்கரை இறங்கினால் அம்மாவுக்குக் கை நடுங்கும்.

“எந்திரத்தையே கேக்கச் சொல்றதுதானுங்க?” என்றான் தாரணியின் கணவன் சபரிநாதன். தென்னைநார் மில்லில் மெஷின் பார்க்கிறவன், எந்திரத்தின் மேல் அவனுக்கு நம்பிக்கை அதிகம். “போன்ல அலாரம் அடிச்சாப் போதுமுங்களே.”

“சென்சார் சொல்றது தோலுக்கடியில இருக்கிற தண்ணியப் பாத்து. மூளைக்குப் பத்து நிமிஷம் பின்னாடி. நரம்பு முன்னாடியே சொல்லிரும், ஆனா அந்தப் பாஷை மெஷினுக்குப் புரியல, தப்புத் தப்பா அலறுது. இன்னொரு மனுஷ உடம்புக்குத்தான் புரியுது. பெத்தவளுக்குத் தெரியாதா பிள்ளையோடது?”

படிவத்தில் ‘தாயின் பெயர்’ என்று ஒரே ஒரு கட்டம்தான் அச்சடித்திருந்தது. தகப்பனுக்குக் கட்டமே இல்லை. ஆஸ்பத்திரியிலும் எல்லோரும் அதை அம்மா பொட்டு என்றே சொன்னார்கள். சபரிநாதன் நல்லவன்தான், பெண்டாட்டியை ஒரு வார்த்தை அதட்டிப் பேச மாட்டான். ஆனால் அந்தப் படிவத்தைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததே, அதைத் தாரணி பார்த்துவிட்டாள். “எனக்கு ஊசின்னாலே கெரகம் அம்மிணி” என்றான்.

“எவ்வளவு தூரம் போலாமுங்க?” என்று கேட்டாள் தாரணி.

“நாப்பது மீட்டர். அதுக்கு மேல சக்தி குடுத்தா நரம்பு வெந்துரும். போன் வழியா அனுப்பினா அரை செகண்டு தாமதமாகும். தாமதமானா உங்க உடம்பு அதத் தன்னோடதுன்னு நம்பாது.”

“அப்ப பஸ்ஸு?”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எப்பக் கை நடுங்கும்னு தெரியாத ஆள் கையில அறுபது பேரக் குடுப்பாங்களாம்மா? அதெல்லாம் பாப்போம். மூணு வருஷம் சர்க்கரை எறங்கவே விடாமப் பாத்துக்குங்க. ஓஞ்ச நரம்புக்கு ரெஸ்ட் கெடைச்சா, சில பிள்ளைகளுக்கு அது தானா எந்திரிச்சுக்குது. அப்புறம் பொட்ட எடுத்துரலாம்.”

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் தாரணி நாற்காலியில் உட்கார்ந்தாள். போக்குவரத்துக் கழகத்தில் மூன்று வருடம் சம்பளமில்லா விடுப்பு கொடுத்தார்கள். அதற்குள் உடற்தகுதிச் சான்றோடு வந்தால் வால்பாறை வண்டி. வராவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு.

பொட்டு வைத்த முதல் வாரம் அவள் அழுதுவிட்டாள். மகள் உடம்பு எவ்வளவு பாடுபடுகிறது என்று அப்போதுதான் அவளுக்கு உள்ளே இருந்து தெரிந்தது. முதலில் காது மடல் சூடாகும். பிறகு மேலுதடு வேர்க்கும். பிறகு இடது கைப் பெருவிரல் துடிக்கும். அந்த விரல், டயர் மாற்றும்போது ஜாக்கி நழுவி ஒடிந்து ஒட்டியது. அது துடிக்கிற வரைக்கும் தாரணி காத்திருக்க மாட்டாள். காது சூடானதுமே குளுக்கோஸ் பொட்டலத்தைப் பல்லால் கிழித்துக்கொண்டு ஓடிவிடுவாள். கணக்குப் பாடமோ, பரீட்சையோ, நேரே போய் மகள் வாயில் கொட்டுவாள். பத்து நிமிடம் கழித்து சென்சாரைப் பார்த்தால் எண் நன்றாக இருக்கும். “பாத்தியா, நேரத்துக்குக் குடுத்துட்டேன், எறங்காம நின்னுருச்சு” என்பாள். சில நாள் கொஞ்சம் அதிகமாகவே ஏறியிருக்கும், பம்பு அதைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். இறங்குவதுதானே பயம், ஏறினால் என்ன என்று அவள் அதற்கு மேல் யோசித்ததில்லை.

ஆறாம் வகுப்பில் பேச்சுப் போட்டி. தன்ஷி மேடையில் நின்று நன்றாகத்தான் ஆரம்பித்தாள், நடுவில் ஒரு வரி மறந்துவிட்டது. அவள் நிற்கவும் பக்கவாட்டில் இருந்த தாரணிக்குக் காது கொதித்தது. ஒரே பாய்ச்சலில் மேடையேறி, கலெக்டர் ஆபீசிலிருந்து வந்த விருந்தினர் பார்த்துக்கொண்டிருக்க, பிள்ளையின் வாயைப் பிடித்துத் திறந்து குளுக்கோஸைக் கொட்டினாள். கூட்டம் கைதட்டியது. தலைமையாசிரியை மைக்கைப் பிடித்துத் தாய்மையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். வகுப்புப் பிள்ளைகள் மட்டும் அன்றிலிருந்து தாரணியை ஆம்புலன்ஸ் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். தாரணிக்கு அதில் வருத்தம் இல்லை, இன்னும் சொன்னால் கொஞ்சம் பெருமைதான்.

இப்படி மூன்று வருடம் ஓடியது. ஒரு தடவைகூட இறங்கவில்லை. தன்ஷிக்குப் பன்னிரண்டு வயது. ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதியோடு விடுப்பு முடிகிறது என்று கழகத்திலிருந்து கடிதம் வந்தது. அதே வாரம் டாக்டர் கூப்பிட்டார்.

“இப்ப பாத்துரலாம், எந்திரிச்சிருக்கான்னு. மூணு தடவை சோதனை. கையில டிரிப்ஸ் போட்டு சர்க்கரைய மெதுவா எறக்குவோம். தன்ஷிக்கு நம்பர் காட்ட மாட்டோம். ஏதாவது தோணினா அவளே மணி அடிக்கணும். நீங்க கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்து, உங்களுக்கு வந்ததும் மேஜைக்கு அடியில இருக்கிற பொத்தான அமுக்குங்க. நீங்க அமுக்கி எட்டு நிமிஷத்துக்குள்ள அவ அடிச்சா பாஸ். மூணும் பாஸானா பொட்ட எடுத்துரலாம்.”

சோதனையின்போது எந்தப் பிள்ளையும் தாய் முகத்தைப் பார்க்காமல் இருக்கக் கூடாது என்பது அந்த வார்டின் பழக்கம். பிள்ளை பயந்துவிடக் கூடாதே என்று நர்சுகள் அன்போடு செய்து வைத்த ஏற்பாடு. அதனால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தன்ஷி, அந்தப் பக்கம் தாரணி, நேருக்கு நேர்.

முதல் சோதனை. தாரணிக்குக் காது சூடானது, பொத்தானை அமுக்கினாள். மேலுதட்டைத் துடைத்துக்கொண்டாள். மூன்று நிமிடத்தில் தன்ஷி மணி அடித்தாள். தாரணி எழுந்து நின்றுவிட்டாள். டாக்டர் கையைக் குலுக்கினார். வீட்டுக்கு வரும் வழியில் காந்திபுரம் பஸ் நிலையத்தில் மலை வண்டி ஒன்று நின்றது. அதன் முன்பக்கக் கண்ணாடியை ஒரு தடவை தொட்டுவிட்டு வந்தாள்.

பத்து நாள் கழித்து இரண்டாவது. இந்தத் தடவை இரண்டே நிமிடத்தில் மணி. அன்றைக்கு வீட்டில் சாப்பிடும்போது சபரிநாதன் குஷியாக இருந்தான்.

“எப்பிடிக் கண்ணு தெரியுது? அப்பனுக்குச் சொல்லு.”

“மொதல்ல காது மடல் சூடாகும். அப்புறம் மேலொதடு வேர்க்கும்” என்றாள் தன்ஷி, தோசையைப் பிய்த்துக்கொண்டே. “அப்புறம் எடது கைப் பெருவெரல் துடிக்கும்.”

“அப்பிடியே உங்கம்மா மாதிரியே” என்று அவன் சிரித்தான்.

தாரணி தோசைத் திருப்பியோடு அடுப்படியில் நின்றாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பெருவிரல் துடிப்பது சர்க்கரையால் இல்லை, ஜாக்கியால். ஒடிந்த விரல் என்பதால் துடிக்கிறது. தன்ஷி எந்த டயரை மாற்றினாள்?

அதன் பிறகு வந்த ஒன்பது நாளும் நரகம். எல்லாம் வெளியில் நன்றாக நடந்தது. சபரிநாதன் ஸ்வீட் வாங்கி வந்தான். கழகத்து டாக்டர் கண்ணையும் முதுகையும் பரிசோதித்து, பொட்டு எடுத்த சீட்டு மட்டும் கொண்டு வந்தால் போதும் என்றார். தாரணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வாயைத் திறந்தால் பஸ் போய்விடும். திறக்காவிட்டால் பிள்ளை தன்னந்தனியாக, மணியே இல்லாத உடம்போடு ரோட்டில் நடக்கும். ஒரு தாய்க்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நாற்காலியில் மூன்று வருடம் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கேளுங்கள். அவள் யோசித்தாள். பிள்ளைக்கு அம்மா விரல் வாய்க்கக் கூடாதா என்று யோசித்தாள். காது சூடாவது உண்மையாகவும், விரலை மட்டும் சும்மா சேர்த்துச் சொல்லியிருக்கவும் கூடாதா என்று யோசித்தாள். கடைசியில், எனக்காகத்தானே பண்ணுகிறாள், அம்மா மலையேறட்டும் என்றுதானே, என்றும் நினைத்தாள். அந்த நினைப்பு இனிப்பாக இருந்தது, அதுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மகளிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

மூன்றாவது சோதனை. டிரிப்ஸ் இறங்க ஆரம்பித்து அரை மணி ஆனது. தாரணி கண்ணாடி வழியாக மகளைப் பார்த்தாள். மூன்று வருடமாக மகளின் உடம்பைக் கேட்டவள், மகளின் கண் எங்கே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கவனித்தாள். தன்ஷியின் கண் அம்மா முகத்தை விட்டு இம்மி நகரவில்லை. இமைக்கக்கூட மாட்டேன் என்கிறாள்.

காது சூடானது. தாரணி மேஜைக்கு அடியில் பொத்தானை அமுக்கினாள். முகத்தை அசைக்கவில்லை.

மலையில் பஸ் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு முகம் உண்டு. இறக்கத்தில் பிரேக் சூடேறி வாடை வரும்போது, கண்ணாடியில் அறுபது பேர் ஓட்டுகிறவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்போது முகம் எதையும் சொல்லக் கூடாது. தாரணி அந்த முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள். மேலுதட்டில் வேர்வை முத்துக் கோத்தது. துடைக்கவில்லை, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி அது தெரியாமல் வைத்துக்கொண்டாள். பெருவிரல் துடிக்க ஆரம்பித்தது, மேஜைக்கு அடியில் துடித்தது.

“ரெண்டு நிமிஷம்” என்றார் டாக்டர் திரையைப் பார்த்தபடி.

தன்ஷி உட்கார்ந்திருந்தாள். புருவத்தை லேசாக உயர்த்தினாள். என்னம்மா என்று கேட்கிற மாதிரி.

“நாலு.”

தாரணிக்கு உடம்பெல்லாம் ஆடியது. உள்ளே ஒரு பசி, கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளித் தின்னச் சொல்லும் பசி, அது மகளுடைய பசி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பசியின் சொந்தக்காரி ஒன்றும் தெரியாமல், காலை ஆட்டிக்கொண்டு, அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேர்வை இல்லை. நடுக்கம் இல்லை. அந்த நரம்பு எழுந்திருக்கவே இல்லை என்பது தாரணிக்குத் தெரிந்துபோயிற்று.

“ஆறு. ஏம்மா, பொண்ணு இன்னும் அடிக்கலையே” என்று டாக்டர் முகம் சுளித்தார்.

இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. முந்தானையை எடுத்து மேலுதட்டை ஒரு தடவை ஒற்றினால் போதும். வேர்த்தால் துடைப்பது குற்றமா? ஒற்றிய மறுநொடி மணி அடிக்கும், டாக்டர் சீட்டு எழுதுவார், திங்கட்கிழமை காலை ஆறு மணி வண்டி. தேயிலை வாசம்கூட அவள் மூக்குக்கு வந்துவிட்டது. வலது கை அவளைக் கேட்காமல் மடியிலிருந்து மேலே கிளம்பியது. முந்தானை நுனியைப் பிடித்தது.

தாரணி அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

“எட்டு. போதும், சர்க்கரை அம்பத்தஞ்சுக்கு வந்துருச்சு. ஜூஸ் குடுங்க சிஸ்டர்” என்றார் டாக்டர்.

நர்ஸ் ஓடிப்போய் ஜூஸைக் கொடுத்தபோது தன்ஷி டம்ளரைப் பிடிக்க இரண்டு தடவை குறி தவறினாள். “எனக்கு ஒண்ணுமில்லீங்க சிஸ்டர்” என்று அவள் சொன்னது குழறிக்கொண்டு வந்தது. டிரிப்ஸை மாற்றினார்கள். கால் மணியில் தெளிந்துவிட்டாள்.

டாக்டர் தாரணியைத் தனியாகக் கூப்பிட்டுத் தோளில் கை வைத்தார். “மொத ரெண்டும் எப்படி வந்துச்சுன்னு எனக்கே புரியல. சில சமயம் குருட்டாம்போக்குல வரும். அடுத்த வருஷம் பாப்போம்மா.” தாரணி உண்மையைச் சொன்னாள், தன் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் மகள் மணி அடித்தாள் என்று. டாக்டர் நர்சைக் கூப்பிட்டு, அந்தக் கண்ணாடிக்குத் திரை போடச் சொன்னார்.

வெளியே தாழ்வாரத்தில் நீள பெஞ்சு. தன்ஷி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தாரணி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். திட்டக் கூடாது, ஒரு வார்த்தை திட்டக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் வந்தாள். பிள்ளை தலைகுனிந்திருப்பாள், அழுவாள், மடியில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

தன்ஷி தலை குனியவில்லை. “ஏம்மா நீ மூஞ்சியத் தொடைக்கவே இல்ல?” என்றாள்.

“வேணும்னுதான் கண்ணு. உனக்குத் தெரியுதா இல்லையான்னு நான் பாக்கோணும்ல்லோ.”

“வேர்த்துச்சா உனக்கு?”

“வேர்த்துச்சு.”

“அப்பத் தொடைச்சிருக்கலாம்ல.”

“தொடைச்சிருந்தா நீ ரோட்டுல விழுந்து கெடப்பே சாமி, நானு மலை மேல இருப்பேன்.” தாரணி மகளின் கையைப் பிடித்தாள். “அம்மா பஸ் ஓட்டோணும்னு நீ நெனச்சது எனக்குத் தெரியும். அதுவே போதும் எனக்கு. வண்டி போனாப் போகுது. எனக்கோசரம் நீ இப்பிடியெல்லாம் பண்ணக் கூடாது.”

தன்ஷி கையை உருவிக்கொண்டாள். “உனக்கோசரமில்ல.”

“பின்ன?”

“நீ பஸ் ஓட்டு, வீட்டுல இரு, என்ன வேணாப் பண்ணு. எனக்கு ஒரு நாளாச்சும் நீ இல்லாம இருக்கோணும்.” குரலை உயர்த்தாமல், வரி வரியாகச் சொன்னாள். யோசித்து வைத்திருந்தவள் போலத்தான் இருந்தது. “பாத்ரூம் போனா வெளிய நீ நிக்கக் கூடாது. கிளாஸ்ல ஹாசினி எங்கிட்ட ஏதாச்சும் சொன்னா, செவுத்துக்கு அந்தப் பக்கம் நீ இருக்கக் கூடாது. நான் ஸ்டேஜ்ல மறந்தா மறந்துட்டுப் போறேன், எல்லாரும் சிரிக்கட்டும். நீ ஓடியாரக் கூடாது. நாப்பது மீட்டர் உனக்கு மட்டும்னு நெனச்சிட்டிருக்கியா?”

மூன்று வருடம் கட்டிப்போட்டது தன்னைத்தான் என்றே தாரணி நினைத்திருந்தாள். கயிற்றின் இன்னொரு முனையும் ஒரு காலில்தானே கட்டியிருக்கும்.

அப்போது காது சூடானது. குப்பென்று மேலுதடு வேர்த்தது, பெருவிரல் வெட்டி வெட்டித் துடித்தது, நெஞ்சு கிடந்து அடித்தது. சோதனையில் வந்ததைவிட இரண்டு பங்கு. பழகிய கை பைக்குள் போய்ப் பொட்டலத்தை எடுத்துவிட்டது, பல் அதைக் கிழித்துவிட்டது, மகள் வாய்க்குப் பக்கத்தில் கொண்டு போய்விட்டது.

தன்ஷி வாயைத் திறக்கவில்லை. சென்சார் எண் தெரிந்த போனைத் திருப்பி அம்மாவிடம் காட்டினாள். நூற்று நாற்பத்தாறு. நர்ஸ் பத்து நிமிடம் முன்னால் விரலில் குத்திப் பார்த்ததும் நூற்று முப்பதுக்கு மேல்தான். ஜூஸ் குடித்தது ஏறிக்கொண்டிருந்தது. இது சர்க்கரை இல்லை.

தாரணி பொட்டலத்தைப் பிடித்தபடியே தன் நெஞ்சைக் கேட்டாள். இது என்னுடையதா? அவளுக்குக் கோபமே இல்லை. அவள் உள்ளே வெறும் களைப்பும் துக்கமும்தான் இருந்தன. இந்த அடி, இந்தக் கொதி, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிற இந்த வேகம் பக்கத்தில் இருந்து வந்துகொண்டிருந்தது. சர்க்கரை இறங்கினாலும் நெஞ்சு இப்படித்தான் அடித்துக்கொள்ளும், கோபம் வந்தாலும் இப்படித்தான். இரண்டையும் ஒரே நரம்புதான் கொண்டுவந்து போட்டிருக்கிறது, இவளும் இரண்டுக்கும் ஒரே மருந்தைக் கொட்டியிருக்கிறாள். எண் நன்றாக இருந்த நாட்களெல்லாம், நேரத்துக்குக் கொடுத்துவிட்டேன் என்று மார்தட்டிக்கொண்ட நாட்களெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. அதில் எத்தனை நாள் சர்க்கரை, எத்தனை நாள் இது?

கிழிந்த பொட்டலத்திலிருந்து தூள் மடியில் கொட்டிக்கொண்டிருந்தது. தாரணி கையைக் கீழே இறக்கினாள்.

“கோவமா கண்ணு?”

“ம்.”

“எப்ப இருந்து?”

தன்ஷி தாழ்வாரத்தின் அந்தக் கோடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “நாலாங் கிளாஸ்ல இருந்து.”